கத்தியும் சவப்பெட்டியும் ட்ரம்பட்டும்

எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் முதன்முதலாக முடிவெட்டும் கடை வந்தபோது எனக்குப் பத்து வயசிருக்கும். சுற்றுகிற நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, சுவரில் சினிமா நடிகர்கள் படம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம்ம பின்மண்டை நமக்கே தெரியுமாம். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் சித்தப்பா மகனும் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றோம். கடைக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். 'உங்களுக்கு இங்க வெட்டுறதில்ல தம்பி, டவுனுக்குப் போங்க' என்றார். குரலில் கோபமில்லை. குனிந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். எங்க தலையைத் தொட்ட கத்தி ஊர்க்காரன் தாடையில் ஏறாது. ஏறினால் அவருக்குக் கடையே இருக்காது. வீட்டுக்கு வந்து அழுதபோது அய்யா, 'அவன் என்னடா பண்ணுவான், அவனும் ஊருக்குக் கைகட்டி நிக்கிறவன்தான்' என்றார். அப்போது அது எனக்குப் பிடிபடவில்லை.

சதாராவில் நாவிதர்கள் இருந்தும் மகார் பிள்ளைகளுக்கு முடிவெட்ட ஒருத்தரும் இல்லை, அக்காதான் வெட்டிவிடுவார் என்று அம்பேத்கர் தன் சின்ன வயசைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைப் படித்த தலித் யாரும் 'அப்படியா' என்று ஆச்சரியப்பட்டிருக்க முடியாது. அவரவர் வீட்டு அக்காவோ அம்மாவோ அய்யாவோதான் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

இதையெல்லாம் மறுபடி கிளறிவிட்டது ஒரு பட்டியல். செயின்ட் கிளேர் டிரேக், ஹோரஸ் கேய்ட்டன் என்ற இரண்டு கறுப்பின ஆய்வாளர்கள் சிகாகோ நகரத்துக் கறுப்பர்களைப் பற்றி எழுதிய 'பிளாக் மெட்ரோபாலிஸ்' 1945இல் வெளிவந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். 1938ஆம் வருஷம் அந்நகரில் கறுப்பர்கள் சொந்தமாக நடத்திய தொழில்கள் என்னென்ன என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. முதலிடத்தில் பெண்களுக்கான அழகு நிலையங்கள், 287. அடுத்து மளிகைக் கடைகள், 257. மூன்றாவது முடிதிருத்தும் கடைகள், 207. பின்னால் துணி வெளுத்துத் தேய்க்கிற கடைகள், சாப்பாட்டுக் கடைகள் என்று இறங்கிக்கொண்டே போய், பிணத்தைக் குளிப்பாட்டி அலங்கரித்து அடக்கம் செய்து கொடுக்கிற அண்டர்டேக்கர் தொழிலும் வருகிறது.

முடி, துணி, பிணம். நம்ம நாட்டில் சாதி பார்த்துத் தலையில் கட்டிய மூன்று வேலைகள். அங்கே போர்டு மாட்டி, கல்லா வைத்து, கோட்டு சூட்டு போட்டுச் செய்கிற தொழில்கள். ஒரே வேலை ஒரு இடத்தில் இழிவாகவும் இன்னொரு இடத்தில் அந்தஸ்தாகவும் ஆவது எப்படி? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலான சிகாகோவைப் படிக்க ஆரம்பித்தேன்.

சிகாகோவில் 1910இல் இருந்த கறுப்பர்கள் 44,103 பேர். 1920இல் 1,09,458. 1930இல் 2,33,903. இருபது வருஷத்தில் ஐந்து மடங்கு. முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்து கூலிகள் வருவது நின்றுபோனது. இறைச்சிக் கூடங்களுக்கும் இரும்பு ஆலைகளுக்கும் ஆள் வேண்டும். தெற்கே மிசிசிப்பியிலும் அர்க்கன்சாஸிலும் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுது, கடனில் முழுகி, கும்பல் கொலைக்குப் பயந்து கிடந்த சனங்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறினார்கள். அவர்களை 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டது ராபர்ட் அபாட் 1905இல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை. தெற்கே அதை வெளிப்படையாக வைத்திருந்தாலே அடி விழும். ரயிலில் படுக்கை விரிக்கிற புல்மன் கம்பெனி போர்ட்டர்கள் ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தப் போர்ட்டர்களுக்கு வெள்ளைப் பயணிகள் வைத்த பேர் 'ஜார்ஜ்'. ஆளுக்கு ஆள் பேர் வேறுதான். ஆனால் முதலாளி பேர் ஜார்ஜ் புல்மன், ஆகவே அவன் ஆட்கள் எல்லாரும் ஜார்ஜ். 'டேய்' என்று கூப்பிடுவதற்கு அங்கே அப்படி ஒரு வழி.

வந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்க முடியாது. நகரின் தெற்குப் பக்கத்தில் ஸ்டேட் தெருவை ஒட்டி ஒரு நீளமான துண்டு. அதற்குக் 'கறுப்புப் பட்டை' என்று பேர். அதைத் தாண்டி வீடு வாங்கினால் குண்டு வைத்தார்கள். 1917 ஜூலையிலிருந்து 1921 மார்ச் வரைக்கும் 58 குண்டுகள். 1919 ஜூலை 27ஆம் தேதி, மிசிகன் ஏரியில் குளித்துக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயசுப் பையன், தண்ணீரில் யாரும் போடாத ஒரு கோட்டைத் தாண்டி மிதந்து போய்விட்டான். கரையிலிருந்து கல்லெறிந்தார்கள். மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் போலீஸ் பிடிக்கவில்லை. கலவரம் அடங்கியபோது 23 கறுப்பர்களும் 15 வெள்ளையர்களும் செத்திருந்தார்கள். பொதுக் கிணறு, பொதுக் குளம் பற்றி நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இல்லினாய் மாநிலத்தில் 1885இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஓட்டல், சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, நாடகக் கொட்டகை எதிலும் நிறம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கடையில் 'எல்லா சீட்டும் நிறைஞ்சு போச்சு' என்ற பதில் இருந்தது. கொட்டகையில் டிக்கெட் கொடுப்பார்கள், ஆனால் பால்கனி மூலைக்கு.

கறுப்பு நாவிதர்களின் கதை எனக்கு எங்க ஊர்க் கடைக்காரரை நினைவுபடுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் முடிவெட்டுவது பெரும்பாலும் கறுப்பர்களின் தொழில். பெரிய மனிதர்கள் வருகிற அலங்காரமான கடைகளைக் கறுப்பர்கள் நடத்தினார்கள், நல்ல காசும் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கடையில் கறுப்பன் உட்கார முடியாது. வெள்ளைக்காரன் வராமல் போய்விடுவான் என்று கறுப்பு முதலாளியே தன் சனத்தைத் திருப்பி அனுப்பினான். அய்யா சொன்ன 'கைகட்டி நிக்கிறவன்' இவன்தான். பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள், வெள்ளைத் தாடைகள் கைநழுவிப் போயின. தெற்கிலிருந்து ரயில் ரயிலாகக் கறுப்பர்கள் வந்து இறங்கினார்கள். கத்தியின் திசை மாறியது. அதன் பிறகுதான் முடிதிருத்தும் கடை என்பது கறுப்பர்கள் கறுப்பர்களோடு உட்கார்ந்து டிஃபெண்டர் படித்து, அரசியல் பேசி, குத்துச்சண்டைக்குப் பந்தயம் கட்டுகிற இடமானது. வெள்ளைக்காரன் காது இல்லாத இடம்.

அப்படி ஒரு கடையில் ஆண்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த பெண்தான் பெஸ்ஸி கோல்மன். போருக்குப் போய்த் திரும்பியவர்கள் பிரான்சில் பெண்கள்கூட விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டார். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. டிஃபெண்டர் அபாட் பிரான்சுக்குப் போகச் சொன்னார். போய், 1921இல் விமானி உரிமம் வாங்கி வந்தார். அமெரிக்கக் கறுப்புப் பெண்களில் முதல் ஆள். 1926இல் விமானத்திலிருந்து விழுந்து இறந்தார்.

பெண்களின் அழகு நிலையங்களுக்கு வருவோம். மேடம் சி. ஜே. வாக்கர் துணி துவைத்துப் பிழைத்த பெண். தலைமுடித் தைலம் காய்ச்சி விற்று, நாடு முழுக்க விற்பனைப் பெண்களைச் சேர்த்து, பெரும் பணக்காரியாகி 1919இல் இறந்தார். அவருக்கு முன்னாலேயே அதே தொழிலைத் தொடங்கிய ஆனி மலோன், 1930இல் தன் 'போரோ' கல்லூரியை செயின்ட் லூயிசிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். சுருட்டை முடியை நீட்டிக் காட்டுவது வெள்ளைக்காரியைப் போல ஆகிற ஆசைதானே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற பெண்ணின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரி வீட்டுச் சமையலறையில் முழங்காலில் நின்று தரை துடைப்பது, அல்லது தன் நாற்காலி, தன் சீப்பு, தன் சாவி. பிற்காலத்தில் உலகமே கேட்டு அழுத மஹாலியா ஜாக்சன் 1939இல் சிகாகோவில் அழகு நிலையம் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு, வாரநாட்களில் தலைமுடி.

இனி சாவு. இதில்தான் நான் நெடுநேரம் நின்றுபோனேன்.

தெற்கிலிருந்து வந்த ஏழைக் கறுப்பனுக்கு இருந்த பெரிய பயம், அனாதைப் பிணமாகப் போய்விடக் கூடாது என்பது. முனிசிபாலிட்டிக் குழியில் பேரில்லாமல் புதைக்கப்படக் கூடாது. உயிரோடு இருக்கும்போது 'மிஸ்டர்' என்று யாரும் கூப்பிடாத ஆளுக்குச் செத்த பிறகாவது நல்ல கோட்டு, பளபளப்பான பெட்டி, வரிசையாகக் கார்கள். இதை வீண் ஆடம்பரம் என்று திட்டியவர்கள் கறுப்பர்களிலேயே இருந்தார்கள். நம்ம ஆட்கள் சாவுக்கு வெடி போட்டுக் கடன் வாங்குவதைத் திட்டுகிற மாதிரிதான். நானும் திட்டியிருக்கிறேன். ஊருக்குள் பிணத்தைத் தூக்கிப் போகப் பாதை கிடையாது, வயல் சேற்றில் இறங்கிப் போக வேண்டும் என்கிற சனம், கிடைத்த ஒருநாளில் ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது என்று யோசித்தால் திட்டு வாயில் வராது.

வெள்ளை அண்டர்டேக்கர்களில் கறுப்புப் பிணத்தைத் தொடுகிறவர்கள் குறைவு. அந்தத் தீண்டாமைதான் கறுப்பு அண்டர்டேக்கரை வாழவைத்தது. யாரும் போட்டிக்கு வராத சந்தை. 1925இல் 'மெட்ரோபாலிட்டன் ஃப்யூனரல் சிஸ்டம் அசோசியேஷன்' என்று ஒன்று தொடங்கினார்கள். வாராவாரம் சில சென்டுகள் கட்டினால் செத்ததும் அடக்கச் செலவு அவர்களுடையது. வீட்டுக்கு வீடு படியேறி வசூல் பண்ணுவார்கள். நம்ம தெருவில் சாவுக்கு வீட்டுக்கு இத்தனை என்று வரி போட்டு எடுப்பதைக் கம்பெனி ஆக்கினால் எப்படியோ அப்படி. 1927இல் அதைக் கையில் எடுத்தவர் ராபர்ட் கோல். அவரும் பழைய புல்மன் போர்ட்டர், அதாவது ஒரு 'ஜார்ஜ்'. சாவுப் பணத்தில் அவர் பின்னாளில் பேஸ்பால் அணியை வாங்கினார், நடன மண்டபம் கட்டினார்.

பேஸ்பாலையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அணிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. ரூப் ஃபாஸ்டர் 1920இல் கறுப்பர்களுக்குத் தனி லீக் அமைத்தார். அவருடைய சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணி ஆடிய மைதானம் மட்டும் வெள்ளைக்காரருடையது. ஃபாஸ்டர் மனம் கலங்கி, மருத்துவமனையில் 1930இல் செத்தார். அந்த அணியைத்தான் 1932இல் கோல் வாங்கினார்.

இப்போது பாட்டு. 1922இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற 21 வயசுப் பையன் ட்ரம்பட் மாதிரியே இருக்கிற கார்னெட் கருவியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினான். குரு கிங் ஆலிவர் கூப்பிட்டிருந்தார். லிங்கன் கார்டன்ஸ் என்கிற நடனக்கூடத்தில் வேலை. குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின், மெம்ஃபிஸிலிருந்து வந்து, கடையில் நோட்டுப் புத்தகம் வாங்க வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டுகிற வேலை பார்த்தவர். ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, 'இரண்டாம் ஆளாவே நிக்காத' என்று குருவிடமிருந்து பிரித்துத் தனி ஆளாக ஆக்கியவர். இந்தப் பெண்ணைப் பற்றி ஜாஸ் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1925இல் வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட் குழுவில் ஆர்ம்ஸ்ட்ராங் வாசித்தார். ஊமைப் படம் ஓடும், கீழே வாத்தியக் குழு வாசிக்கும். வெண்டோமில் படத்துக்காக வந்தவர்களைவிட வாத்தியத்துக்காக வந்தவர்கள் அதிகம் என்பார்கள். அது முடிந்ததும் நடுராத்திரி கிளப்பில் வாசிப்பு. அந்த கிளப்புகளுக்கு 'கறுப்பும் பழுப்பும்' என்று பேர். வெள்ளைக்காரர்களும் வந்து உட்கார்ந்து குடித்தார்கள். முதலாளிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள், சிலவற்றின் பின்னால் அல் கபோன் கும்பல். 1928 கடைசியில் எர்ல் ஹைன்ஸ் வாசிக்க ஆரம்பித்த கிராண்ட் டெரஸில் அந்தக் கும்பலுக்குப் பங்கு இருந்தது. கறுப்பன் வாசிப்பான், வெள்ளைக்காரன் கல்லாவில் உட்காருவான். 1928 பிப்ரவரியில் 47ஆம் தெருவில் திறந்த ரீகல் தியேட்டர், சுமார் 3,000 பேர் உட்காரலாம், அரண்மனை மாதிரி. அங்கே கறுப்பர்கள் எந்த சீட்டிலும் உட்காரலாம், வேலை பார்க்கிறவர்களும் கறுப்பர்கள். சொந்தக்காரர்கள் மட்டும் வெள்ளையர்கள்.

சங்கமும் இரண்டு. வெள்ளை வாத்தியக்காரர்களின் சங்கம் லோக்கல் 10, கறுப்பர்களுக்கு 1902இலிருந்தே லோக்கல் 208. நகர மையத்தின் பெரிய தியேட்டர் வேலையெல்லாம் 10க்கு. இரண்டும் ஒன்றானது 1966இல்தான். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் தியேட்டர் வாத்தியக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. வேறு நல்ல வேலைக்குக் கதவு திறக்காத கறுப்பு வாத்தியக்காரர்களுக்கு அந்த அடி இன்னும் பலமாக விழுந்தது.

இங்கே நமக்குள் ஓடுகிற ஒரு சண்டைக்கு வருகிறேன். டிஃபெண்டரில் வாராவாரம் இசைப் பகுதி எழுதிய டேவ் பேட்டன் தானே குழு நடத்தியவர். கறுப்பு வாத்தியக்காரர்கள் முறையாகப் படிக்க வேண்டும், ஒழுங்காக உடுத்த வேண்டும், கரடுமுரடான ஜாஸை விட்டு மேலே வர வேண்டும் என்று ஓயாமல் புத்தி சொன்னார். டிஃபெண்டரும் அர்பன் லீகும் தெற்கிலிருந்து வந்தவர்களுக்கே புத்தி சொல்லின. தெருவில் சத்தமாகப் பேசாதே, தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே வராதே. 'நம்ம மானம் போகுது' என்பதுதான் அதன் சாரம். முன்னாலேயே வந்து குடியேறி நாலு காசு பார்த்தவர்களுக்குப் பின்னால் வந்த பருத்திக்காட்டு ஆளைப் பார்த்தால் கூச்சம். நம்மிலும் படித்து வேலைக்குப் போனவர்களுக்குச் சேரிப் பேச்சு ஒட்டவில்லையே, அதே கூச்சம்.

ஆனால் பறையையும் ஜாஸையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1980களிலும் 90களிலும் எத்தனையோ சேரிகளில் இனி ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப் போட்டார்கள், அதற்காக அடிபட்டார்கள். அதே காலத்தில் தலித் கலை விழா மேடைகளில் பறை கம்பீரமாக ஏறியது. விடுவதா, எடுப்பதா என்று நம்ம பத்திரிகைகளில் எவ்வளவு எழுதினோம். சிகாகோவில் அந்தக் கேள்வி அப்படி வரவில்லை. காரணம் எளிது. அந்த நகரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கை முதலாளி ஏமாற்றலாம், கூலியைக் குறைக்கலாம். ஆனால் 'இந்த வீட்டில் சாவு, வந்து ஊது' என்று எவனும் ஆள் அனுப்ப முடியாது. வரமாட்டேன் என்றால் குடிசை எரியாது. டிக்கெட் என்கிற துண்டுக் காகிதம் நடுவில் வந்துவிட்டது. அந்தக் காகிதம் சுரண்டும், ஆனால் கட்டிவைத்து அடிக்காது.

அப்படியானால் காசு பொருளாதாரம் வந்தால் போதும், இழிவு போய்விடும் என்று முடிவு கட்டலாமா? எங்க ஊர் சலூன்காரரிடம் நானும் காசோடுதான் போய் நின்றேன். சிகாகோவிலும் 1930இல் காசு தன் கையை விரித்தது. ஜெஸ்ஸி பிங்கா என்பவர் 1908இல் வங்கி வைத்தார், 1921இல் அரசு உரிமம் வாங்கினார். ஸ்டேட் தெருவும் 35ஆம் தெருவும் கூடுகிற மூலையில் அந்த வங்கி. வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதற்காக அவர் வீட்டில் பலமுறை குண்டு வைத்தும் நகரவில்லை. 'நம்ம வங்கி' என்று சலவைக்காரியும் இறைச்சிக்கூடத் தொழிலாளியும் போட்ட பணம். பெருமந்தம் வந்தது, 1930 ஜூலை 31ஆம் தேதி வங்கியைப் பூட்டிவிட்டார்கள். பிங்கா பண மோசடி வழக்கில் சிறைக்குப் போய், வெளியே வந்து ஒரு தேவாலயத்தில் துப்புரவு வேலை பார்த்து, 1950இல் செத்தார். பணம் போட்டவர்கள் நடுத்தெருவில். அந்தப் பஞ்ச காலத்திலும் காசு புழங்கிய இடம், நம்மூர் மட்கா மாதிரியான 'பாலிசி' என்கிற எண் சூது. அதை நடத்திய ஜோன்ஸ் சகோதரர்கள் 47ஆம் தெருவில் பெரிய கடையே திறந்தார்கள். தேவாலயத்துக்கும் காணிக்கை போட்டார்கள். வாங்கிக்கொண்டார்கள்.

டிரேக்கும் கேய்ட்டனும் போட்ட இன்னொரு கணக்கு: அந்தக் கறுப்பு நகரத்தில் கறுப்பர்கள் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கறுப்பர் கடைக்கு வரவில்லை. முடிக்கும் சாவுக்கும் மட்டும் நம்ம ஆள், அரிசிக்கும் சட்டைக்கும் வெள்ளைக்காரன். 'சிகாகோ விப்' என்ற பத்திரிகை 1929இல் 'வேலை தராத கடையில் காசைச் செலவழிக்காதே' என்று மறியல் தொடங்கியது. வூல்வொர்த் கடை கறுப்புப் பெண்களை விற்பனைக்கு எடுத்தது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு நம்ம பக்கம் பார்த்தால் ஒரு இடத்தில் தலைகுனிய வேண்டியிருக்கிறது. சலூன்காரர் திருப்பி அனுப்பிய பிறகு எனக்கு முடிவெட்டியது யார்? எங்க சேரிக்குத் துணி வெளுத்து, முடி வெட்டி, சாவில் சடங்கு செய்து, ராத்திரியில் சோறு வாங்க வீடு வீடாக வந்து நின்ற புதிரை வண்ணார் குடும்பத்துப் பெரியவர்தான். எங்க அய்யாவைவிட மூத்தவர். அவரை நாங்கள், பத்து வயசுப் பையன்கள், 'வா, போ' என்றுதான் கூப்பிட்டோம். சிகாகோவில் கறுப்பு நாவிதர் கறுப்பர்களுக்கு முடிவெட்டி மதிப்பான மனிதர் ஆனார். எங்க சேரியில் அதே வேலையைச் செய்தவர் எங்களுக்கும் கீழே ஆனார். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மில் பலருக்கு வந்த கோபத்தை இப்போது யோசித்தால், அந்தப் பெரியவரின் முகம்தான் முன்னால் வருகிறது. அமெரிக்கக் கறுப்பர்களிடம் பணக்காரன் ஏழை உண்டு, வெளிர் கறுப்பு கருங்கறுப்பு என்ற ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் முடிவெட்டுகிறவன் பிள்ளை முடிதான் வெட்ட வேண்டும் என்று இல்லை. சிகாகோவில் 1891இல் பிராவிடன்ட் மருத்துவமனையைத் தொடங்கி, 1893இல் குத்துப்பட்டவனின் நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் தைத்துப் பிழைக்கவைத்த டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ், இளவயசில் நாவிதர் கடையில் வேலை பார்த்தவர். நாவிதரை 'மருத்துவர்' என்றும் அவர் வீட்டம்மாவை 'மருத்துவச்சி' என்றும் கூப்பிடுகிற தமிழில் இதை விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் பேர் மட்டும் இருந்தது, மருத்துவக் கல்லூரிக்குப் போகிற வழி இல்லை.

சாவுக் காசுக்குத் திரும்புகிறேன். அதன் கதை பாதியில் நிற்கிறது. வங்கிகள் மூழ்கிய பெருமந்தத்தில் மூழ்காமல் நின்றவை, வாரம் சில சென்ட் வசூலித்த இன்சூரன்ஸ் கம்பெனிகள். சனங்கள் சோற்றை விட்டாலும் சாவுச் சீட்டை விடவில்லை. அப்படி ஒன்று சுப்ரீம் லிபர்ட்டி லைஃப். கார்ல் ஹான்ஸ்பெரி என்பவர் 1937இல் கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று பத்திரம் எழுதிவைத்திருந்த பகுதியில் வீடு வாங்கியபோது கடன் கொடுத்தது அந்தக் கம்பெனி. குடிபோன வீட்டில் செங்கல்லை எறிந்தார்கள், எட்டு வயசு மகள் லொரெய்னின் தலையைத் தாண்டிப் போய் விழுந்தது. பின்னாளில் நாடகம் எழுதிய லொரெய்ன் ஹான்ஸ்பெரிதான் அந்தக் குழந்தை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாதாடிய வழக்கறிஞர்களில் முக்கியமானவர் ஏர்ல் டிக்கர்சன், அதே கம்பெனியின் வக்கீல். 1940 நவம்பரில் ஜெயித்தார்கள். அந்த மாதிரிப் பத்திரங்களை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்புக்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே கம்பெனியில் 1936இல் அர்க்கன்சாஸிலிருந்து வந்த ஜான் ஜான்சன் என்ற பையன் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். 1942இல் அம்மாவின் வீட்டுச் சாமான்களை அடகு வைத்து 500 டாலர் கடன் வாங்கி, கம்பெனியில் சீட்டுக் கட்டுகிற 20,000 பேரின் முகவரிகளுக்குக் கடிதம் போட்டு, சந்தா சேர்த்துப் பத்திரிகை தொடங்கினான். 1951இல் அவன் தொடங்கிய இன்னொரு சின்னப் பத்திரிகை 'ஜெட்'.

1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போன எமெட் டில் என்ற பதினான்கு வயசுப் பையனை, வெள்ளைக்காரியைப் பார்த்து விசிலடித்தான் என்று சொல்லி அடித்துச் சிதைத்து ஆற்றில் போட்டார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உடல் ரயிலில் வந்தது, அதே இல்லினாய் சென்ட்ரலில். கறுப்பு அண்டர்டேக்கர் ரேனரிடம் போனது. திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் ரேனர். சுத்தியல் கொடு, நானே உடைக்கிறேன் என்றார் அம்மா மேமி. ரேனர் திறந்தார். வெள்ளை அண்டர்டேக்கராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முகத்தை ஒப்பனை போட்டுச் சரிபண்ணவா என்று அவர் கேட்க, வேண்டாம், எல்லாரும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார் அம்மா. பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த முகத்தைப் படம் பிடித்து, நாடு முழுக்கக் கறுப்பர் வீடுகளுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜான்சனின் ஜெட்.